சுமையேற்றிய சைக்கிளும் சொற்கேட்கும் கைபிடியும்

நெடும்பயணம் செல்லும் சைக்கிளோட்டி உடல்நோவு கண்டால் முதலில் ஆசனத்தையே பழிப்பது வழக்கம். ஆசனமும் ஒரு காரணமே. ஆயின், மாலையிலே தோள் கடுத்து, கழுத்து இறுகி, உள்ளங்கை மரத்துப் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கைபிடியைத் திருப்பினால் வண்டி எவ்வளவு விரைவாக இணங்குகின்றது என்பதே அது.

துவிச்சக்கரவண்டி நேரே ஓடுவதாக நமக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அது சற்றே இடப்புறம் சாயும். ஓட்டுபவர் கைபிடியை அப்புறமே சிறிது திருப்பி நிமிர்த்துவார். பின்னர் வலப்புறம் சாயும். வெற்று வண்டியில் இத்திருத்தங்களை நாம் உணர்வதில்லை. 20 கிலோகிராம் சுமையுடன் நாள் முழுவதும் ஓட்டும்போதோ, ஒவ்வொரு திருத்தமும் கைக்கு ஒரு வேலையாகின்றது.

முன்சில்லைத் தாங்கும் போர்க் எந்த அச்சிலே திரும்புகின்றதோ, அவ்வச்சை ஒரு கோடாக நிலம்வரை நீட்டுவதாகக் கொள்வோம். அக்கோடு நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னாலேதான் சில்லு நிலத்தைத் தொடும். இவ்விடைத்தூரத்தைப் 'பின்னிழுவை' எனலாம். சாதாரண வண்டிகளில் இது ஏறக்குறைய 40 முதல் 65 மில்லிமீற்றர் வரை இருக்கும். போர்க்கின் நுனி முன்னோக்கி அதிகம் வளைந்திருந்தால் இத்தூரம் குறையும்.

இதன் வலிமையை ஒரு சோதனை காட்டிற்று. டேவிட் ஜோன்ஸ் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி, ஓட்டவே இயலாத சைக்கிளொன்றைச் செய்ய முயன்று, அதன் வரலாற்றை 1970இல் வெளியிட்டார். சுழலும் சில்லே வண்டியை நிமிர்த்துகின்றது என்ற கருத்தைச் சோதிப்பதற்கு, எதிர்த்திசையிற் சுழலும் இன்னொரு சில்லைப் பொருத்தினார். அப்போதும் ஓட்ட முடிந்தது. முன்சில்லை வெகுதூரம் முன்னே தள்ளிப் பின்னிழுவையை மாற்றியபோதுதான் ஓட்டுவது மிகக் கடினமாயிற்று. ஆயினும், 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர் சிலர், சுழற்சி விளைவோ பின்னிழுவையோ இல்லாத வண்டியும், எடை தக்கவாறு அமைந்தால், தானே நிமிர்ந்தோடும் என்று செய்து காட்டினர். எனவே, சுமையை எங்கே வைக்கிறோம் என்பது சிறு விடயமன்று.

பின்னிழுவை மிகுந்த வண்டி இறக்கத்திலே அமைதியாக ஓடும். ஏற்றத்தில் மெல்ல ஊரும்போதோ அதன் முன்சில்லு பக்கவாட்டிற் சரியப் பார்க்கும். கைபிடியிற் பாரமான பையும் தொங்கினால், அச்சரிவைக் கை ஓயாது தடுக்க வேண்டும். பின்னிழுவை குறைந்த வண்டி ஏற்றத்தில் இலேசாக இருக்கும். வேகத்திலே சிறு அசைவுக்கும் திரும்பிவிடும். முற்காலப் பிரெஞ்சு நெடுந்தூர சைக்கிளோட்டிகள் முன்புறத்திற் பை வைத்துச் செல்லும் வழக்கமுடையோர். அவர்களுக்கு வண்டி செய்த றெனே ஏர்ஸ் போன்ற கம்மியர், பின்னிழுவையைக் குறைத்தே அமைத்தனர். துடிப்பான கைபிடியைப் பையின் பாரம் நிதானப்படுத்திற்று.

எல்லாவற்றையும் பின் கரியரில் உயரமாகக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. அதனால் முன்சில்லு இலேசாகின்றது. சட்டம் முறுகிப் பின்பாரத்தின் ஆட்டம் கைபிடிவரை வருகின்றது. இறக்கத்தில் வேகம் மிகும்போது, சில வேளைகளில் முன்புறம் கிடுகிடுவென நடுங்கத் தொடங்கும். அப்போது கைபிடியை இறுகப் பற்றி அதனோடு போராடலாகாது. முழங்கால்களாற் சட்டத்தின் மேற்குழாயை அணைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தல் வேண்டும். உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தருணம் இது.

பயணம் புறப்படும் மாணவர்கள் சிலவற்றை மனத்திற் கொள்வார்களாக. பாரமான பொருள்களைத் தாழ வையுங்கள். முன்புறத்திற் கட்டுவதைச் சில்லின் அச்சாணி மட்டத்தில், இருபுறமும் சமமாகக் கட்டுங்கள். எப்பையும் ஆடாதிருக்கட்டும். கைபிடித் தண்டின் குண்டுப்போளைகள் தளர்ந்துள்ளனவா, ரயரிற் காற்றுப் போதுமா என்று பாருங்கள். பின்னர், முழுச் சுமையோடு ஓர் ஏற்றமும் இறக்கமும் உள்ள வழியில் ஓட்டிப் பாருங்கள். சமதரையில் ஒரு கையை எடுத்துத் தண்ணீர் பருகவும், தலை திருப்பிப் பின்வரும் வாகனத்தைப் பார்க்கவும் வண்டி இடந்தருமாயின் புறப்படலாம். இடந்தராவிடின், புதிய ஆசனம் வாங்குமுன் மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.