சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சல் பதிவு.

வீட்டில் ஹை-ஃபை வைத்துப் பாட்டு கேட்கிற கோஷ்டியில் 'பிட் பர்ஃபெக்ட்' என்று ஒரு மந்திரம் உலவுகிறது. அதை உச்சரித்தால் டாக் விலை ஏறும், யூஎஸ்பி கேபிள் விலை ஏறும், சொல்பவரின் தலைக்கனமும் கூடவே ஏறும். பாட்டு மட்டும் இருந்த மாதிரியே இருக்கும். என் கட்சி இதுதான்: பிட் பர்ஃபெக்ட் நல்ல விஷயம், ஆனா சும்மா கிடைக்கிற விஷயம். நம்ம காதைக் கெடுக்கிற வில்லன் வேற இடத்துல உட்கார்ந்திருக்கான்.

முதல்ல மந்திரத்துக்கு அர்த்தம். சிடியில் பாட்டு என்பது வெறும் எண்கள். ஒரு நொடிக்கு, ஒரு பக்கத்துக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் மைனஸ் 32,768-இல் இருந்து 32,767-க்குள் ஏதோ ஒன்று. இந்த எண்களை மின் அலையாக மாற்றும் பெட்டிதான் டாக். ஒரு எண்கூட மாறாமல் டாக் வரை போய்ச் சேர்ந்தால் அது பிட் பர்ஃபெக்ட். அவ்வளவுதான்.

விண்டோஸ் சாதாரணமா எல்லா சத்தத்தையும் ஒரே மிக்ஸரில் கொட்டிக் கலக்கும். பாட்டுக்கு நடுவுல மெயில் வந்தா 'டிங்' கேட்குதே, அது இதனாலதான். மிக்ஸர் 48,000-இல் ஓடினால் உங்க 44,100-ஐயும் 48,000 ஆக்கிவிடும், எண்கள் எல்லாம் மாறிவிடும். இதைத் தாண்டிப் போக 2007-இல் விஸ்டா வந்தபோதே வசாபி எக்ஸ்க்ளூசிவ் என்று ஒரு குறுக்கு வழி வந்துவிட்டது. ஃபூபார்2000 இலவசம். செட்டிங்கில் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டிலும் 14-ஆம் பதிப்பிலிருந்து (2023) யூஎஸ்பி டாக்குக்கு இப்படி ஒரு வழி உண்டு. இதுக்கு எதுக்குங்க ஐம்பதாயிரம்?

சரி, வில்லனுக்கு வருவோம். அந்த 32,767 இருக்கே, அதுதான் டிஜிட்டலின் கூரை. 0 டெசிபல் என்று சொல்வது அதைத்தான். கூரைக்கு மேலே எண்ணே கிடையாது. ரெக்கார்டிங்கை இன்னும் சத்தமாக்கணும்னு தூக்கினால், அலையின் உச்சி கூரையில் இடித்துத் தட்டையாகிவிடும். கோபுரத்தின் கலசத்தை எடுத்துவிட்டு மொட்டைமாடி கட்டின மாதிரி. இதுக்குப் பேர்தான் கிளிப்பிங். வெட்டிய உச்சியில் என்ன இருந்தது என்று எந்தப் பெட்டியாலும் உள்ளபடி திருப்பிக் கொடுக்க முடியாது. டிரம்ஸின் அடி 'டப்'புன்னு விழாம 'சர்ர்'னு தேயும். அரை மணி நேரத்துல ஏன்னே தெரியாம எழுந்து போயிடுவோம்.

எடுத்துக்காட்டு வேணுமா? 2008-இல் வந்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்'. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் வந்தன. கேமில் இருந்தது அவ்வளவு நசுக்கப்படாத வடிவம். ரசிகர்கள் இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டு அலையைப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியில் செங்கல் சுவர், விளையாட்டுச் சாமானில் உயிருள்ள இசை! ஆல்பத்தை மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே, தன் கைக்கு வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று சொன்னது அப்போது வெளியே வந்தது. இப்போ அந்த சிடியை பிட் பர்ஃபெக்டா போட்டா என்ன கேட்கும்? பிட் பர்ஃபெக்டான செங்கல் சுவர். தபால்காரர் கடுதாசியைக் கிழிக்காம கொண்டுவந்து தருவார். எழுதின ஆளே கிழிச்சு அனுப்பினதை அவர் ஒட்டித் தரமாட்டார்.

இன்னொரு கூத்தும் இருக்கு. எண்கள் என்பவை அலையின் மேல் அங்கங்கே வைத்த புள்ளிகள்தான். இரண்டு புள்ளிக்கு நடுவில் அலை அவற்றைவிட உயரமாகப் போகலாம். புள்ளிகள் எல்லாம் சரியாகக் கூரையில் இருந்தாலும், நிஜ அலை கூரைக்கு 3 டெசிபல் மேலே போகிற மாதிரி ஒரு சாதாரண சைன் அலையையே காகிதத்தில் போட்டுக் காட்டலாம். டாக் உள்ளே அதற்கு இடம் விடாவிட்டால் அங்கேயும் ஒரு வெட்டு. பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டாக்2, டாக்3 பெட்டிகளில் இதற்கென்றே 3.5 டெசிபல் இடம் விட்டிருக்கிறது. மற்ற பெட்டிகளுக்கு? ஃபூபார் வால்யூமை 3 டெசிபல் குறைத்து, அவுட்புட்டை 24 பிட்டில் வைத்துவிட்டு, சத்தத்தை ஆம்ப்ளிஃபையரில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த இரண்டாவது வெட்டாவது விழாது.

"ஐயையோ, பிட் போச்சே!" என்று ஒரு கூட்டம் ஓடிவரும். ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல். 16 பிட் பாட்டு 24 பிட் பாதையில் போகும்போது கீழே 8 பிட் காலியாகக் கிடக்கு, அதாவது 48 டெசிபல். அதில் 3 எடுத்தால் குடி முழுகாது. டாக்கின் சொந்த இரைச்சல் கூடவே குறையாது என்பது உண்மைதான். ஆனா ஃபேன் ஓடுற நம்ம ரூமில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்குக் கோயிலே கட்டலாம்.

ஆக, எண்களைக் கொஞ்சம் மாற்றினால்தான் சில சமயம் பாட்டு நல்லா இருக்கும். ஸ்பாட்டிஃபை மாதிரி சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருகின்றன. கத்துகிற பாட்டுக்கு அங்கே சலுகை கிடையாது. நம்ம சுத்த பத்தக்காரர்களோ பிட் கெட்டுப்போகும்னு அந்த செட்டிங்கை அணைத்துவிடுகிறார்கள். உடனே கத்துகிற பாட்டே மறுபடி ஜெயிக்கிறது. இந்தச் சத்தப் போட்டியே அப்படித்தானே ஆரம்பிச்சது!

எனக்கு நிஜமான கவலை பழைய பாட்டுகளைப் பற்றி. 'ரீமாஸ்டர்', '24 பிட்', '192' என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வரும்போது, உள்ளே உச்சி வெட்டப்பட்டிருந்தால் அந்த 24 பிட்டை வைத்து என்ன செய்ய? மொட்டைமாடியை எவ்வளவு துல்லியமாப் படம் பிடிச்சாலும் கலசம் தெரியாது. நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு இணையத்தில் கிடைப்பது இந்த ஒரு வடிவம் மட்டும்தான் என்றால், பாட்டே இப்படித்தான் இருந்தது என்று அது நம்பிவிடும்.

அதனால ஒரு வேலை செய்யுங்க. ஆடாசிட்டி இலவசம். உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் பழைய சிடியையும் புது ரீமாஸ்டரையும் அதில் திறந்து அலையைப் பாருங்க. கிளிப்பிங்கை சிவப்புக் கோடாகக் காட்டச் சொல்லி ஒரு ஆப்ஷன் உண்டு, அதையும் போடுங்க. அப்புறம் ரெண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. பழைய சிடி ஜெயிச்சா, அட்டைப்பெட்டியில் தூங்குற மத்த சிடிக்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க. டாக்குக்கு எடுத்து வச்ச காசுல நல்ல ஸ்பீக்கர் வாங்குங்க.

எந்தப் பாட்டுல எவ்வளவு சிவப்பு தெரிஞ்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கேபிள் கட்சிக்காரங்களும் வரலாம், சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு :-)