குதிரைக்கா? கழுத்துக்கா?

வீட்டில் ஒரு பையனோ பெண்ணோ மின்சார கிட்டார் வாசிக்கத் தொடங்கினால், சில மாதங்களில் ஒரு கோரிக்கை எழும். "பிக்கப்பை மாற்ற வேண்டும். பணம் கொடுங்கள்!"

பல கிட்டார்களில் பிக்கப் இரண்டு உண்டு. ஒன்று கழுத்துப் பக்கம். மற்றது குதிரைப் பக்கம். வீணையிலும் வயலினிலும் தந்தியைத் தாங்குகிறதே, அந்தக் குதிரைதான் கிட்டாரிலும் இருக்கிறது.

இரண்டையும் மாற்றப் பணம் இருந்தால் தொல்லை இல்லை. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் எதை மாற்றுவது?

குதிரைப் பக்கத்தைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு திருப்புளியால் முடிகிற வேலையை முடித்துவிட வேண்டும்.

இரட்டைச் சுருள்

மின்சார கிட்டாரின் தந்திகளுக்கு அடியில் காந்தமும், தலைமயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைச் சத்தமாக்குகிறது. இதுதான் பிக்கப்.

பழைய பிக்கப்பில் ஒரு குறை இருந்தது. பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையும் அது பிடித்துக்கொண்டது. வாசிப்போடு "உம்ம்..." என்ற ஓசையும் சேர்ந்து வந்தது.

அமெரிக்காவில் கலமாசூ நகரில் அப்போது கிப்சன் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த சேத் லவர் என்ற என்ஜினீயர் ஒரு வழி கண்டார். ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு வைத்தார். ஒன்றில் வரும் இரைச்சலை மற்றது அழித்துவிடும். தந்தியின் ஒலி மட்டும் இரண்டிலும் சேர்ந்து பெருகும்.

1955-ல் அவர் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1959-ல் அது கிடைத்தது. இரைச்சலை எதிர்ப்பது என்ற பொருளில் 'ஹம்பக்கர்' என்று அதற்குப் பெயர் வந்தது.

கொடிக்கயிறு சொல்லும் பாடம்

துணி காயப்போடும் கொடிக்கயிற்றை ஆட்டிப் பாருங்கள். நடுவில் நன்றாக ஆடும். கட்டிய ஓரத்தில் கொஞ்சம்தான் அசையும்.

கிட்டார் தந்தியும் அப்படித்தான். குதிரையின் அருகே அசைவு குறைவு. அங்கே பிறக்கும் ஒலி மெலிந்து, கூர்மையாக இருக்கும். கழுத்தருகே அசைவு அதிகம். அங்கே ஒலி கனமாக, குளிர்ச்சியாக இருக்கும்.

இதில் உயர்வு தாழ்வு இல்லை. ஜாஸ் மேதை வெஸ் மாண்ட்கோமரி கழுத்துப் பக்கம் மட்டும் பிக்கப் வைத்த கிட்டாரில் வாசித்தார். ராக் இசையில் 1978-ல் புகழ் பெற்ற எடி வான் ஹேலன், குதிரைப் பக்கத்து ஹம்பக்கர் ஒன்றையே நம்பினார். இருவருக்கும் புகழ் குறையவில்லை.

பின் ஏன் குதிரை?

"கழுத்துப் பக்கம்தானே இனிமை? அதற்கே பணம் கொடுக்கலாமே!" என்று சிலர் வாதிடுவார்கள்.

இனிமை உண்மைதான். ஆனால் அங்கே இயற்கையாகவே ஒலி தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒலி மிஞ்சி, மந்தமாகி, சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும். பிக்கப்பைக் கொஞ்சம் கீழே இறக்கினால் பல சமயம் அது சரியாகிவிடும்.

குதிரைப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. கிடைக்கிற சிறிய அசைவை வைத்தே அது ஒலி எழுப்ப வேண்டும். மட்டமான பிக்கப் அங்கே இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். காதைக் குத்தும். அதனால்தான் ஜோடியாக விற்கும் பிக்கப்புகளில் குதிரைப் பக்கத்துக்குப் பெரும்பாலும் சுற்றுகளைக் கூட்டிச் சுற்றுகிறார்கள்.

அதற்காக, அதிகச் சுற்று உள்ளதே சிறந்தது என்று நினைக்கக் கூடாது. சுற்று மிஞ்சினால் ஒலியின் கூர்மை மழுங்கும்.

மென்மையான இசையை மட்டும் கழுத்துப் பக்கத்திலேயே வாசிப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்கள் கழுத்துக்கே செலவு செய்யலாம்.

திருப்புளி வைத்தியம்

பிக்கப்பின் இரு ஓரத்திலும் திருகாணி இருக்கும். அதைத் திருகினால் பிக்கப் ஏறும், இறங்கும்.

தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திப் பிடியுங்கள். தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். கழுத்துப் பக்கம் சுமார் 2.5 மில்லிமீட்டர், குதிரைப் பக்கம் சுமார் 1.5 மில்லிமீட்டர் வைத்துத் தொடங்கலாம். பிறகு காது சொல்வதைக் கேட்டு ஏற்றி இறக்கலாம். இதற்குச் செலவு இல்லை.

தந்தி பழசாகித் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பழைய தந்தியின் மந்தத்துக்குப் பிக்கப்பைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் குதிரைப் பக்கம் சோகையாகக் கேட்டால், அப்போது பெற்றோர் பணப்பையைத் திறக்கலாம். குழந்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது!