ஸ்டீயரிங் லூசா இருக்குன்னு காரையே மாத்தாதீங்க!



போன மாசம் ஒரு தம்பி ஆபீசுக்கு வந்தார். சரவணம்பட்டியில ஐ.டி. வேலை. கையில ஒரு புது செடானோட கொட்டேஷன். "அண்ணா, 10 லட்சம் கார் லோன் எடுக்கப் போறேன். என் சம்பளத்துக்கு தாங்குமா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

"இப்ப இருக்கற காருக்கு என்ன?" என்று கேட்டேன். அதுவும் செடான்தான். 6 வருஷம், 58,000 கிலோமீட்டர். லோன் முடிஞ்சு ஒரு வருஷம் ஆச்சு.

"ஸ்டீயரிங் லூசா இருக்குங்கண்ணா. நீலாம்பூர் தாண்டி சேலம் ரோட்டுல 80 தொட்டா, கார் கைக்குள்ள நிக்கறதில்ல. வீட்ல எல்லாரையும் வச்சு ஓட்ட பயமா இருக்கு."

அவர் பயம் நூத்துக்கு நூறு நியாயம். அதுக்கு அவர் யோசிச்ச தீர்வுதான் தப்பு. இதே தப்பை நிறைய பேர் பண்றீங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு

அந்தப் புது காரின் ஷோரூம் விலை 14 லட்சம். 4 மீட்டருக்கு மேல நீளம் இருக்கற செடான் என்பதால, அந்த விலைக்குள்ளேயே 40 சதவீத ஜி.எஸ்.டி. உட்கார்ந்திருக்கு. அதுக்கு மேல தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை உள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 18 சதவீதம். அதாவது 2.52 லட்சம்.

10 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம். இ.எம்.ஐ. 20,758 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 2.45 லட்சம்.

லைஃப் டாக்ஸும் வட்டியும் சேர்த்தா கிட்டத்தட்ட 5 லட்சம். இந்த 5 லட்சத்துக்கு உங்களுக்கு ஒரு நட்டு போல்ட் கூட சொந்தமாகல. ஒரு ஸ்டீயரிங் பிரச்சினைக்கு இது ரொம்ப பெரிய பில்லுங்க.

லேசா இருக்கறது வேற, லூசா இருக்கறது வேற

பழைய கார்கள்ல ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். என்ஜின் ஒரு பம்பைச் சுத்தும், ஆயில் பிரஷர்ல ஸ்டீயரிங் திரும்பும். இப்ப வர்ற செடான்கள்ல பெரும்பாலும் எலெக்ட்ரிக் மோட்டார். பம்பு சும்மா சுத்தறதில்ல என்பதால பெட்ரோல் மிச்சம். பார்க்கிங்ல ஒரு விரல்ல திருப்பலாம். ஆனா ரோடு எப்படி இருக்குங்கற உணர்வு கைக்கு வர்றது குறைவு. இது டிசைன், கோளாறு இல்ல. நீங்க 14 லட்சம் போட்டு வாங்கற காரிலும் இதே ஸ்டீயரிங்தான் இருக்கும்!

கோளாறுன்னா இப்படி இருக்கும்:

- ஸ்டீயரிங்கை கொஞ்சம் திருப்பினாலும் வண்டி திரும்பாம, அப்புறம் சட்டுனு திரும்பும்.
- நேர் ரோட்டுலயே சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கும்.
- ஒரு பக்கமா இழுக்கும்.
- வளைவு முடிஞ்ச பிறகு ஸ்டீயரிங் தானா நடுவுக்கு வராது.
- ஸ்பீட் பிரேக்கர்ல முன்பக்கம் "டக் டக்"னு சத்தம்.
- 80, 100ல ஸ்டீயரிங் நடுங்கும்.

இதுல ஒண்ணு இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க.

எந்த வரிசையில செலவு பண்ணணும்?

முதல்ல காத்து. டிரைவர் கதவைத் திறந்தா பக்கத்துத் தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதுல இருக்கற அளவுதான் உங்க காருக்கு சரி. டயர் ஆறின நிலையில பார்க்கணும். 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு பங்க்ல போய் பார்த்தா, சூட்டுல ரீடிங் கூட காட்டும். காத்து குறைஞ்சா டயரின் பக்கச் சுவர் மடங்கும், நீங்க திருப்பறது வண்டிக்கு லேட்டா போய்ச் சேரும். செலவு: பூஜ்யம்.

ரெண்டாவது, அடிப்பக்கம். லிஃப்ட்ல ஏத்தி லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங் நாலையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. நம்ம ஊர்ல தோண்டாத ரோடு ஏது? ஒவ்வொரு குழியும் இந்த ரப்பர் புஷ்ல தான் முதல்ல இறங்குது.

அதுக்கப்புறம்தான் வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங். இந்த வரிசையை மாத்தி நான் ஏமாந்திருக்கேன். என் பழைய கார்ல ஒரே வருஷத்துல 3 தடவை அலைன்மென்ட் பண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம் நல்லா ஓடும், திரும்ப இழுக்கும். கடைசில பார்த்தா புஷ் கிழிஞ்சிருக்கு. ஆடற தூணுக்கு பெயின்ட் அடிச்ச கதை! அலைன்மென்ட் பண்ணினா முன், பின் ரீடிங் பிரின்ட்அவுட் ரெண்டையும் கேட்டு வாங்குங்க. நிறைய செடான்கள்ல முன்பக்க டோ மட்டும்தான் மாத்த முடியும். கேஸ்டரோ கேம்பரோ சிவப்பில் நின்னா, எங்கயோ ஏதோ வளைஞ்சிருக்கு, இல்ல தேஞ்சிருக்குன்னு அர்த்தம்.

நாலாவது டயர். பக்கத்துல இருக்கற 4 இலக்க எண்ணைப் பாருங்க. 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் இன்னும் இருக்கேன்னு ஓட்டாதீங்க. ரப்பர் காய்ஞ்சு இறுகிட்டா பிடிப்பு போயிடும், மழையில இன்னும் மோசம். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டா கண்டிப்பா மாத்தணும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28ல் இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. தள்ளிப்போட அந்தக் காரணமும் இல்ல.

இது எதுவும் இன்சூரன்ஸ்ல வராது. தேய்மானம் க்ளெய்ம் இல்ல.

17 இன்ச் அலாய் போட்டா சரியாகுமா?

கோயமுத்தூர்க்காரங்களுக்கு ரேஸ் ரத்தம் உண்டு, புரியுது. கரிவரதன் ஊர் இது. அவர் பேர்ல செட்டிபாளையத்துல டிராக்கே இருக்கு. 2005ல ஃபார்முலா 1 ஓட்டின முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் நம்ம ஊர்தான். ஆனா அந்த டிராக்ல இருந்து எடுத்துக்க வேண்டிய பாடம் வேற. எல்.ஜி.பி. ஃபார்முலா 4 மாதிரி எல்லாருக்கும் ஒரே கார், ஒரே என்ஜின் என்கற போட்டியில, காத்தும் அலைன்மென்ட்டும் சரியா இருக்கறதே பெரிய விஷயம்.

பெரிய அலாய், லோயரிங் ஸ்பிரிங்னு கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல ஒரு லட்சம் போட்டு, கிழிஞ்ச புஷ்ஷை அப்படியே விட்டா, லூசு லூசாவே இருக்கும். கூடவே சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைச் சொல்லிடுச்சு. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறைக்கும் வழி இருக்கு. எல்லா மாற்றமும் இதுல வராது. ஆனா இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட சொல்லாம பண்ணின மாற்றம், க்ளெய்ம் நேரத்துல உங்களுக்கு எதிரா நிக்கலாம்.

அந்தத் தம்பியோட பில்

ஒரு இடத்துல முழு ஸ்டீயரிங் ராக்கையே மாத்தணும்னு சொல்லியிருக்காங்க. இன்னொரு இடத்துல காட்டச் சொன்னேன். ராக் நல்லா இருக்கு, தேய்ஞ்சது வேற:

- லோயர் ஆர்ம் ரெண்டு, கூலியோட: 7,800
- டை ராட் எண்ட் ரெண்டு, கூலியோட: 2,900
- அலைன்மென்ட், பேலன்ஸிங்: 1,700
- 15 இன்ச் டயர் நாலு: 24,000

மொத்தம் 36,400 ரூபாய். ரெண்டு மாச இ.எம்.ஐ. கூட இல்ல. உங்க காருக்கு விலை கூடக்குறைய இருக்கும், ஆனா விகிதம் பெருசா மாறாது.

போன வாரம் ஈரோடு போயிட்டு வந்து கூப்பிட்டார். "அண்ணா, வண்டி நேரா போகுதுங்கண்ணா." அவ்வளவுதான் சொன்னார்.

என் கருத்து

காரை மாத்தவே கூடாதுன்னு சொல்லல. விபத்துல சேஸிஸ் வளைஞ்சிருந்தாலோ, ரிப்பேர் செலவு வண்டியின் விற்பனை விலையில பாதியைத் தாண்டினாலோ, மாத்தறது சரி. குடும்பம் பெருசாகி இடம் பத்தலைன்னாலும் சரி. ஆனா எது கோளாறுன்னு தெரியாமலே 60 மாச கடன்ல கையெழுத்து போடாதீங்க.

அதே சமயம், சேமிப்புன்னு சொல்லி டயரிலயும் டை ராட் எண்ட்லயும் கஞ்சத்தனம் வேண்டாம். டை ராட் எண்ட் கழண்டுச்சுன்னா, அந்தச் சக்கரம் உங்க பேச்சைக் கேட்காது. கையில காசு இல்லைன்னா ஒரு மாச எஸ்.ஐ.பி.யை நிறுத்தியாவது இதை முடிங்க. ஒரு சி.ஏ. எஸ்.ஐ.பி.யை நிறுத்தச் சொல்றது அபூர்வம், அதனால சீரியஸா எடுத்துக்குங்க.

ஆயுத பூஜைக்கு பொட்டு வைக்கறதோட கார் பராமரிப்பு முடிஞ்சிடாது. மாசம் 1,500 ரூபாயை தனியா ஒரு ஆர்.டி.ல போடுங்க. ரெண்டு வருஷத்துல 36,000. மேல இருக்கற பில்லுக்கு கிட்டத்தட்ட சரியா இருக்கும். லோன் முடிஞ்சவங்களுக்கு இது சுலபம். நேத்து வரைக்கும் பேங்குக்கு கட்டினதுல ஒரு சின்னப் பங்குதான்.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் பாருங்க. அங்க இருந்து ஆரம்பிங்க.