பிரிண்டர் சாகவில்லை, டிரைவர்தான் கைவிட்டது

புதுக் கணினி வாங்கின கையோட பழைய பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்லுற ஆக்கள் கூடிவிட்டார்கள். "இது இனிச் சரிவராது, புதுசு எடுங்கோ" எண்டு கடையில சொன்னா நாங்களும் தலையாட்டுறம். நேற்றுவரை ஒழுங்காக அச்சடித்த இயந்திரம் ஒரே இரவில் எப்படிக் குப்பையாகும் எண்டு யாரும் கேக்கிறதில்லை.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. கனபேர் விண்டோஸ் 11 உள்ள கணினிக்கு மாறுகிறார்கள். அது 64-பிட் வடிவத்தில் மட்டுமே வருகிறது. பிரிண்டர் நிறுவனம் 32-பிட் டிரைவரோடு நிறுத்தியிருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று பேச ஏலாது. டிரைவர் எண்டது கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவில் நிற்கிற மொழிபெயர்ப்பாளர். கனன் எல்பிபி 2900 மாதிரியான விலை குறைந்த லேசர் பிரிண்டர்களில் அதன் வேலை இன்னும் பெரிசு. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் கணக்கு முழுவதும் கணினியில்தான் நடக்கும். டிரைவர் இல்லாவிட்டால் அங்கே பாதி இயந்திரமே இல்லை.

நகரத்தில் இது சின்னப் பிரச்சினை, அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கும். கற்பிட்டியிலிருந்து களப்பைக் கடந்து போகவேண்டிய உச்சமுனையில் அப்படியில்லை. அங்கே ஒரு பாடசாலையிலோ வீட்டிலோ பிரிண்டர் நின்றுபோனால், ஒரு விண்ணப்பப் படிவத்துக்காக வள்ளம் ஏற வேணும். ஒரு நாள் உழைப்பும் போய்விடும்.

அதனால் எறிவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். முதலில் கணினியின் வயரைக் கழற்றிவிட்டு, பிரிண்டரின் பொத்தானாலேயே சோதனைப் பக்கம் ஒன்றை எடுங்கள். எந்தப் பொத்தான் எண்டது கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கம் தெளிவாக வந்தால் இயந்திரம் நல்லாத்தான் இருக்கு, கோளாறு கணினிப் பக்கம். கோடு விழுந்தாலோ மங்கினாலோ மையையும் டோனரையும் பாருங்கள். மை பிரிண்டரில் ஹெட் கிளீனிங்கைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், அது குடிக்கிறதும் மைதான்.

பக்கத்தின் அடி வெட்டுப்படுகிறதா? புதுக் கணினியில் தாள் அளவு 'லெட்டர்' எண்டு கிடக்கலாம். லெட்டரின் உயரம் 279 மில்லிமீற்றர், எங்கட ஏ4இன் உயரம் 297. தமிழ் எழுத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியல் வருகிறதா? அந்தக் கோப்பு பாமினியில் தட்டப்பட்டிருக்கும், புதுக் கணினியில் பாமினி எழுத்துரு இருக்காது. இதில் பிரிண்டருக்கு ஒரு பங்கும் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் டிரைவர்தான் தடை என்றால், அது ஒரு நிறுவனம் எடுத்த முடிவு. மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில், பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பொதுத் தரத்தைப் பின்பற்றும் புதிய பிரிண்டர்களுக்கு தனி டிரைவர் தேவைப்படாது, அது நல்ல விசயம். பழைய யூ.எஸ்.பி. பிரிண்டர் வைத்திருக்கிறவர்கள் நிறுவனத்தின் தளத்தைத்தான் நம்பியிருக்க வேணும். அந்தத் தளம் அந்த மொடலை எடுத்துவிட்டால் எங்களுக்குக் கேட்க இடமில்லை.

இந்தக் கோபம் புதிசில்லை. 1980 அளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்டோல்மன், தாள் சிக்கும் ஒரு செரொக்ஸ் லேசர் பிரிண்டரின் மென்பொருளைத் திருத்த விரும்பினார். அதன் மூலநிரலை அவருக்குக் கொடுக்க மறுத்தார்கள். 1983இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்குப் பின்னால் அந்த அனுபவமும் இருந்தது. இன்றைக்கு விண்டோஸ் கைவிட்ட சில பிரிண்டர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. மூலநிரல் திறந்திருப்பதால் யாரோ ஒருவர் அதைப் பராமரிக்கிறார். லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு, கணினியில் நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம்.

பிரிண்டர் வாங்கும்போது விலையையும் மையையும் கேக்கிறம். இனி மூன்றாவதாக ஒன்றையும் கேக்க வேணும்: எத்தனை வருசத்துக்கு டிரைவர் தருவீங்கள்? பெட்டியில் உத்தரவாதக் காலம் அச்சடிக்கிற மாதிரி இதையும் அச்சடிக்கச் சொல்ல வேணும். தீவுப் பாடசாலைகளுக்கு பிரிண்டர் அன்பளிப்புச் செய்கிறவர்களும் இதைக் கேட்ட பிறகு வாங்கினால் நல்லது.