நியமனமா, தேர்தலா?

குடவோலையின் பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். ஓலையில் பெயர் எழுதப்பெறுவோர்க்குக் கால்வேலிக்கு மிகுந்த இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்ததை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொத்தை நோக்கவில்லை. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் 21ஆம் பிரிவு. எழுத்தறியாத உப்பளத் தாய் அங்கமர்ந்து என்ன செய்வார், கற்றவரைத் தலைமையாசிரியரே நியமித்தால் ஆகாதா என்று வினவுவார் உளர். பள்ளிக் கழிவறையில் நீரில்லை என்றறியப் பட்டம் வேண்டுவதில்லை; மகள் அதனை முதலில் சொல்வது தாயிடமே. நியமிக்கப்பெற்றவரோ நியமித்தவர் முகம் நோக்கியே பேசுவார்.

ஆயினும், மரக்காணத்தில் தேர்தலின் பெயராலேயே நியமனம் நிகழ்ந்துவிடக்கூடும். ஏறத்தாழத் தை முதல் புரட்டாசி வரை உப்பு விளையும் காலம். விடியுமுன் பாத்தியில் இறங்குவோர் முற்பகற் கூட்டத்திற்கு எங்ஙனம் வருவர்? வந்த நால்வர் கையுயர்த்தினால் அது தேர்தலாகுமா? வடகிழக்குப் பருவமழையில் உப்பளப் பணி ஓய்ந்திருக்கும். அம்மாதங்களில் ஒரு ஞாயிறு மாலையில் கூட்டம் நடத்தக் கல்வித்துறை ஆணையிடுதல் வேண்டும். அந்நாளை வீடுதோறும் முன்னரே அறிவிக்கும் பொறுப்பை ஜமாஅத்தாரும் ஏனைய ஊர்ப் பெரியோரும் ஏற்கலாம்.