ஊரை எழுதும் நூல்களுக்கு உரிய விலை

தமிழில் இன்று பரவலாக விற்கும் குழந்தை வளர்ப்பு நூல்களில் பல, அயல்நாட்டு நூல்களின் மொழிபெயர்ப்புகள் அல்லது அவற்றின் சுருக்கங்கள். அவற்றில் வரும் குழந்தைக்குத் தனி அறை உண்டு. அடம்பிடித்தால் அங்கே சற்று நேரம் தனியே இருக்க விடுங்கள் என்பது அறிவுரை. ஒரே அறையில் பாய் விரித்து ஐந்து பேர் படுக்கும் வீட்டில், பேரனை அதட்டினால் மருமகளிடம் பேச்சை நிறுத்திவிடும் பாட்டி இருக்கும் வீட்டில், அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்தாம் வகுப்பு மதிப்பெண், நீட் பயிற்சிக்கு வாங்கும் கடன், வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளைக்கு நின்றுபோகும் தெரு விளையாட்டு, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்று பிள்ளைக்கு முந்திக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் சாதி. நம் பெற்றோர் தடுமாறும் இடங்கள் இவை. இவற்றை எழுத வேண்டியவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் எழுதவும் அந்த நூல்கள் நிலைக்கவும் வேண்டுமானால், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் முறை மாற வேண்டும்.

மொழிபெயர்ப்புகள் வேண்டாம் என்பது நம் வாதமன்று. கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’, டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ இரண்டும் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் பலரின் மனத்தை மாற்றிய நூல்கள். ஒன்று குஜராத்தி ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பறை அனுபவத்திலிருந்து எழுதியது. மற்றது போர்க்கால டோக்கியோவின் சின்னஞ்சிறு பள்ளி ஒன்றைப் பற்றியது. உலகத்துக்கே பொதுவாக எழுத வேண்டும் என்று புறப்பட்டவை அல்ல அவை. தம் ஊரை உற்றுப் பார்த்து எழுதியதால்தான் நம் ஊர்வரை வந்து சேர்ந்தன. அதே வகையில் தமிழ் வகுப்பறையை எழுதியவர் பேராசிரியர் ச. மாடசாமி. அவரைப் போல இன்னும் பத்துப் பேர் ஏன் இல்லை என்பதே கேள்வி.

இயற்கை நூல்களுக்கும் இது பொருந்தும். காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; பெரும்பாலும் எழுதியதோ ஆங்கிலத்தில். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று சு. தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டு நூலானது அவர் மறைந்த பிறகுதான். இன்று நிலை கொஞ்சம் தேவலை. ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதிய பறவைக் கையேடும், ஜெகநாதனும் ஆர். பானுமதியும் எழுதிய தட்டான் கையேடும் க்ரியா வெளியீடுகளாக வந்திருக்கின்றன. தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது நம்மில் பலர் கேட்டு வளர்ந்த பேச்சு. அந்தத் தட்டானின் இளம்பருவம் குளத்து நீருக்குள் கழிகிறது என்பதும், அங்கே அது கொசுப்புழுவைத் தின்கிறது என்பதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? தெரிந்த பிள்ளை, வாலில் நூல் கட்டுமுன் ஒருகணம் யோசிக்கும். குளத்தில் குப்பை கொட்டுபவரைக் கேள்வியும் கேட்கும்.

பிள்ளை குளத்தங்கரைக்குப் போனால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பயம் வீணானதும் அல்ல. குட்டையிலும் கிணற்றிலும் சிறுவர் மூழ்கி இறந்த செய்தி வராத ஆண்டு இல்லை. எந்த நீர்நிலையில் எங்கே சகதி, ஆற்றில் எந்தத் துறையில் சுழல், எந்த வயதில் யாரிடம் நீச்சல் பழகலாம் என்பதையெல்லாம் அந்தக் கரையில் வாழ்பவர்தான் எழுத முடியும். குழந்தை வளர்ப்பு, வெளிப்புற வாழ்க்கை, சமூகம் என்று அலமாரிகளைப் பிரித்து வைத்திருக்கிறோம். பிள்ளையின் ஒரு மாலைப்பொழுதில் மூன்றும் ஒன்றுதான். பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’ இன்றும் வாசிக்கப்படுவது, உப்பையும் எண்ணெயையும் பேசும்போதே சமூகத்தையும் பேசியதால்தான்.

இத்தகைய நூலுக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். பேருந்துக் கட்டணம், படங்கள், வரைபடம், வண்ண அச்சு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் நூலகத் துறை நெடுங்காலமாக விலை வைத்தது பாரக் கணக்கில், அதாவது அச்சிட்ட பக்கங்களின் கணக்கில். பதிப்புரிமை தீர்ந்த பழைய நூலின் மறுபதிப்பும் மூன்றாண்டுக் களப்பணியும் அந்தத் தராசில் ஒரே எடை. எந்த வகை நூலைப் போட்டால் கையைக் கடிக்காது என்று பதிப்பாளருக்குத் தெரியாதா என்ன?

வாசகர் விரும்பினால் விற்கும், அரசு ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு அதன் பின்னே இருந்தது. சொத்து வரியோடு நூலக வரியையும் சேர்த்துக் கட்டுகிறோம். நம் பணத்தில் வாங்கும் நூல் நம் ஊரையும் பேச வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. அரசு வாங்கினால் துதிபாடும் நூல்கள் பெருகும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. தேர்வான நூல்களையும் தள்ளப்பட்ட நூல்களையும் காரணத்தோடு வெளியிடுவதே அதற்கு மருந்து. சாதியையும் மணல் கொள்ளையையும் பேசும் நூல் சத்தமில்லாமல் ஒதுக்கப்படாமல் இருக்கவும் இதுவே வழி. கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பார்க்கு ஒரு சொல்: யாராவது குளத்துக்குப் போய்ப் பார்த்து எழுதினால்தான் அது கைபேசிக்கும் வரும்.

ஆண்டுக் கொள்முதல் நிதியில் ஐந்தில் ஒரு பங்கு, களத்தில் உழைத்து எழுதிய புதிய உள்ளூர் நூல்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அவற்றின் விலையில் படமும் வரைபடமும் களச்செலவும் கணக்கில் வர வேண்டும். மாவட்ட நூலக ஆணைக்குழு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு இரண்டு நூல்களுக்காவது எழுதும்போதே உதவித்தொகை தர வேண்டும். ஆசிரியர், செவிலியர், மீனவர், விவசாயி என யாரும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்க வேண்டும். வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் நிலுவையின்றிச் செலுத்தினாலே இதற்கான பணத்தில் பெரும்பகுதி வந்துவிடும். பிரம்மாண்ட நூலகங்கள் கட்டியதற்காக அரசைப் பாராட்டலாம். அடுத்த வேலை, ஊர்ப்புற நூலகத்துக்கு வரும் ஒரு தாய் தன் பிள்ளையையும் தன் தெருவையும் பற்றிய நூலை அங்கே கேட்டு வாங்கும் நிலையை உண்டாக்குவது. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே அதற்கான அறிவிப்பு வர வேண்டும்.