இடையில் ஒரு தெரு மட்டும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை ஏவுகிறது. அவ்வசனங்களைப் பல்லாண்டுகளாக மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். ஆனால் அந்த ஏவல் ஓதிக்கொடுப்பவருக்கும் உரியது என்பதைச் சென்ற ஆண்டு உறவினர் அழைப்பின்பேரில் சிங்கப்பூர் சென்றபோதுதான் உணர்ந்தோம்.

பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு மத்ரஸாவில் ஒரு மாணவர் நம்மிடம் வந்தார். வயது பன்னிரண்டு இருக்கும். தம் பக்கத்து வீட்டு இந்து நண்பருடைய அக்காவின் திருமணத்துக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், செல்லலாமா என்றும் கேட்டார். நாம் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்தோம். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டோம். அவரும் தலையசைத்துவிட்டு அமர்ந்தார். அதன்பின் அதை மறந்தும் போனோம்.

சிங்கப்பூரின் சவுத் பிரிட்ஜ் சாலையில் மஸ்ஜித் ஜாமிஆ சூலியா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகத்துக்காகச் சென்ற நம் முன்னோர்கள் 1826ஆம் ஆண்டு நிறுவிய பள்ளிவாசல் அது. அடுத்த ஆண்டே, 1827இல், அதன் அருகில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் எழுந்தது. பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை அதன் நிறுவனர். இரண்டுக்கும் இடையில் பகோடா ஸ்ட்ரீட் என்னும் ஒரு தெரு மட்டுமே உள்ளது. கோயில் கோபுரத்தைக் கொண்டு அத்தெருவுக்கு அப்பெயர் அமைந்தது. பள்ளிவாசலின் மறுபுறத் தெருவுக்கோ பள்ளிவாசலின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

அப்பள்ளியில் நாம் ஒன்றைக் கவனித்தோம். முகப்பு சாலையை நேராக நோக்கி நிற்கிறது. உள்ளே தொழுமிடமோ கிப்லாவை நோக்கிச் சற்றுத் திரும்பி அமைந்திருக்கிறது. தெருவோடு இணங்கியும் நிற்கலாம், கிப்லாவை விட்டு ஓர் அணுவும் விலகாமலும் இருக்கலாம் என்று அக்கட்டடமே நமக்குப் பாடம் நடத்தியது. தொழுகைக்காக அமர்ந்திருந்தபோது கோயிலின் நாதஸ்வர ஓசை மெல்லக் கேட்டது. எவர் முகத்திலும் சலனமில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழக்கம்!

தெலோக் ஆயர் தெருவிலும் இதே காட்சிதான். நம்மவர்கள் 'குச்சுப் பள்ளி' என்றழைத்த அல்அப்ரார் பள்ளிவாசலும், நாகூர் தர்கா கட்டடமும், சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயிலும் ஒரே தெருவில் உள்ளன. அன்று அத்தெரு கடற்கரையாக இருந்தது. உயிரோடு கரைசேர்ந்த ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் வழியில் நன்றி செலுத்திய இடம் அது.

இவற்றைக் கண்டு மெய்சிலிர்த்துத் திரும்பிவிட்டால் அது சுற்றுலாப் பயணியின் பார்வையாகவே நின்றுவிடும். அந்நாட்டின் அமைதி தானாக விளைந்ததன்று. 1964 ஜூலை 21 அன்று, நபிகளாரின் பிறந்த நாளையொட்டிய ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். அருட்கொடையாக அனுப்பப்பட்ட நபியின் பெயரால் கூடிய நாளில் இரத்தம் சிந்தியது நம் நெஞ்சைச் சுடுகிறது. அவர்களோ அதை மறைத்து மறந்துவிடவில்லை. அந்த ஜூலை 21ஆம் நாளையே இன நல்லிணக்க நாளாகப் பள்ளிக்கூடங்களில் கடைப்பிடிக்கின்றனர். சமய நல்லிணக்கத்தைக் காக்க 1990இல் சட்டமும் இயற்றினர். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உள்நோக்கித் திருப்பப்பட்டன; பாங்கு வானொலியில் ஒலிக்கிறது. விட்டுக்கொடுத்தல் இல்லாமல் அங்கு எதுவும் நிலைக்கவில்லை.

சட்டத்துக்கு அஞ்சி அமைதி காப்பது உண்மையான அமைதியா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாதான். அதற்கு விடையாக ஒரு செய்தி உண்டு. அச்சட்டத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் முன்பே, 1949இல், பல சமயத்தாரும் சேர்ந்து அங்கே ஒரு சமயங்களுக்கிடையிலான அமைப்பை உருவாக்கினர். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் மௌலானா அப்துல் அலீம் சித்தீகீ என்னும் நம் ஆலிம். இஸ்லாமிய அழைப்புப் பணிக்காகவே தம் வாழ்நாளை அர்ப்பணித்தவர் அவர். ஈமானில் உறுதி உள்ளவருக்கு அண்டை வீட்டாரின் கையைப் பற்றுவதில் அச்சமில்லை.

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. நம்மோடு போரிடாத, நம்மை ஊரைவிட்டு வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று சூரா அல்மும்தஹினாவின் 8ஆம் வசனம் தெளிவாக்குகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்கு அனுப்பியாயிற்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பதை நாமே வகுப்பில் கற்பித்திருக்கிறோம். கற்பித்த நாம்தான் அம்மாணவருக்கு "வேண்டாம்" என்றோம்!

ஊர் திரும்பியதும் அவரை அழைத்துக் கேட்டோம். திருமணம் முடிந்திருந்தது. அவர் செல்லவில்லை. "ஏன் வரலைன்னு அவன் கேட்டான் உஸ்தாத், நான் ஒண்ணும் சொல்லலை" என்றார். அச்சொல் நம்மைத் தலைகுனியச் செய்தது.

மறுநாள் வகுப்பு முழுமைக்கும் முன்பாக நம் தவறை ஒப்புக்கொண்டோம். அவர்களுடைய வழிபாட்டுச் சடங்கில் பங்கேற்பது வேறு. அண்டை வீட்டாரின் மகிழ்ச்சியில் வாழ்த்தும் அன்பளிப்பும் கொண்டு கலந்துகொள்வது வேறு. ஹலால் பேணி உண்ணலாம். உறவு பேணித் திரும்பலாம். இவ்வேறுபாட்டை விளக்க ஐந்து நிமிடங்கள் போதுமாயிருந்தன. அந்த ஐந்து நிமிடங்களைத்தான் நாம் அன்று கொடுக்கவில்லை. பின்னர் அம்மாணவரும் தந்தையாருமாக இனிப்புடன் அவ்வீட்டுக்குச் சென்று வந்தனர்.

சகோதர சகோதரிகளே, அமைதியின் அடையாளங்களைக் காணக் கடல் கடக்கத் தேவையில்லை. நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலும் ஒரு தெருதான் இருக்கிறது. அதை முதலில் கடப்பவர்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. அவசரத்தில் சொல்லிவிடும் சொற்களிலிருந்து நம்மைக் காப்பானாக. ஆமீன்.